புதுப்பிப்பு: மூன்றாவது சிலிண்டர் விவகாரம்

கிட் காருக்காக (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) வாங்கிய பழைய எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) மட்டும் 90 பிஎஸ்ஐ, மற்ற மூன்றும் 170-க்கு மேல். கசிவது பிஸ்டன் ரிங்கா வால்வா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வால்வுதான்.

ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். முள் 90-ஐத் தாண்டவே இல்லை. ரிங் கோளாறு என்றால், ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு நகத்துணுக்கு அளவுக்குக் கருகி அரித்துப்போயிருந்தது. புது வால்வு போட்டு, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, சீட்டில் (வால்வு போய் உட்காரும் விளிம்பு) சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் தெரியும்வரை கையால் உருட்டித் தேய்த்தேன். கை கழன்றுவிட்டது. ஹெட் போல்ட்டும் புதிது. இறுக்கும்போது நீளும் வகை, பழையதையே போட எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்புறம் வண்டியில் இறக்கினால், சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) நேராக ஸ்டீயரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு) மேல் உட்கார்ந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுக்கு அடியில் 12 மி.மீ. தகடு வைத்துத் தூக்கினேன். ராக் தப்பித்தது, இப்போது பானெட் மூடவில்லை!

நேற்று பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டேன். மாட்டியதும் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. வால்வு கவர் ஓரத்தில் லேசான கசிவு, அதை நாளை பார்க்கிறேன்.