குழந்தைக்காக ஆம்புலன்ஸ் அழைத்தது உண்டா? உங்கள் அனுபவங்கள்

ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்:

குழந்தைகளுக்காக எங்களுக்கு வரும் அழைப்புகளில் நிறைய, காய்ச்சல்தான். சைரன் போட்டுக்கொண்டு போய் இறங்கினால் குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும். அம்மா பதற்றத்தோடு தெர்மாமீட்டரை நீட்டுவார்: 39.5 டிகிரி செல்சியஸ். "மருந்து கொடுத்தோம், இறங்கிச்சு, மறுபடி ஏறிடுச்சு" என்பார். பாராசிட்டமாலின் வேகம் 4 முதல் 6 மணி நேரம்தான். அதன் பிறகு காய்ச்சல் திரும்ப ஏறுவது வழக்கம். நோய் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் அங்கே நிற்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஒருவருக்கு மூச்சு நின்றால், அவருக்குத் தொலைவிலிருந்து வேறு வண்டிதான் வர வேண்டும். அது மனதை அறுக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் 38-ஐத் தாண்டி கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறது, குழந்தை முனகுகிறது, அம்மா கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. "காய்ச்சல் அதிகமில்லையே" என்று அந்த வீட்டில் விடியும்வரை காத்திருந்தார்கள். தயவுசெய்து எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள். மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அழையுங்கள்.

ஒரு தாய்:

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நின்றுவிட்டது. வீணாக அழைத்துவிட்டோமோ என்று கூசினேன். வந்தவரோ, "முதல் தடவை வலிப்பு வந்தால் கட்டாயம் கூப்பிடணும்மா" என்றார். 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இது வருவதுண்டு, பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் நின்றுவிடும், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் ஸ்பூனோ விரலோ வைக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது அப்படியே செய்தேன். இரண்டு நிமிடத்துக்குள் நின்றது, கொஞ்ச நேரத்தில் தெளிந்து என்னைத் தேடினான். எங்கள் வண்டியிலேயே டாக்டரிடம் போனோம்.

குழந்தைகள் அவசரப் பிரிவு நர்ஸ்:

ஆம்புலன்சில் வந்தால் உடனே டாக்டர் பார்ப்பார் என்று நம்பி வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. எதில் வந்தாலும் முதலில் நாங்கள் குழந்தையைப் பார்த்து, யாருக்கு அவசரமோ அவர்களை முன்னால் அனுப்புவோம். சளிக்காக ஆம்புலன்சில் வந்தவர்கள் மற்றவர்களோடு காத்திருக்கத்தான் வேண்டும். இரவில் வண்டி கிடைக்காமல் வேறு வழியின்றி அழைப்பவர்களும் உண்டு. அவர்களைத் திட்டி என்ன பயன்?

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஏமாறக்கூடாத இடங்கள் உண்டு. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டுச் சிரித்து விளையாடும். அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். அதேபோல் 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்:

சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று: போனில் முதலில் வயது, மூச்சு எப்படி இருக்கிறது, விழித்திருக்கிறதா என்று சொல்லிவிடுங்கள். அழைத்த பிறகு குழந்தை தேறிவிட்டால் மறுபடி போன் செய்து அதையும் சொல்லுங்கள். தேவையில்லை என்று முடிவானால், பாதி வழியிலிருந்தே எங்களை வேறு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.