மெக்ரிட்சி காட்டுப் பாதைக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி:
திருச்சியிலிருந்து என் பெற்றோர் சிங்கப்பூர் வந்திருக்கிறார்கள். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். நாள்தோறும் நடப்பவர்கள் என்றாலும், படி இறங்கும்போது அப்பாவுக்கு முழங்கால் வலிக்கும். வரும் திங்கட்கிழமை மெக்ரிட்சி தொங்குபாலத்தைக் காட்ட எண்ணியுள்ளேன். எந்த வழி நல்லது? குரங்குகளால் தொல்லை உண்டா?

மறுமொழி 1:
திங்கட்கிழமை வேண்டாம், பொது விடுமுறையாக இருந்தாலன்றி அன்று பாலம் மூடியிருக்கும். நீர்த்தேக்கப் பூங்காவின் முகப்பிலிருந்து தொடங்கினால் முழுச் சுற்று பத்துக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், வீனஸ் டிரைவ் பக்கமாக நுழையுங்கள். தூரம் கணிசமாகக் குறையும். பாலத்தின் நீளம் 250 மீட்டர்தான், ஆனால் அது ஒருவழிப் பாதை. ஏறிய பின் வந்த வழியே திரும்ப முடியாது. மறுமுனையைக் கடந்ததும் மரப்படிகள் நிறைய வரும், அப்பாவின் முழங்காலுக்கு அவைதான் சோதனை. ஆகவே பாலத்துக்கு முன்னுள்ள ரேஞ்சர் நிலையத்தில் சற்று உட்கார்ந்து, அவருடைய கால் எப்படி இருக்கிறது என்று கேட்டபின் முடிவு செய்யுங்கள். பாலம் ஏறாமல் அங்கிருந்தே திரும்பினாலும் நல்ல காட்டைப் பார்த்த நிறைவு கிடைக்கும். மரத்தண்டுகளைக் கவனித்தபடி நடந்தால், பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் கொலுகோவை (மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் சிறு விலங்கு) கூடக் காணலாம்.

மறுமொழி 2:
குரங்குகள் தாமாக வந்து தாக்குவது அரிது. அவற்றை இழுப்பது பிளாஸ்டிக் பைதான். பையின் சரசரப்பைக் கேட்டதும் தின்பண்டம் என்று நினைத்து நெருங்கிவிடும். உணவையும் தண்ணீரையும் முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள். மலைக்கோயில்களில் பழம் கொடுத்துப் பழகிய நம் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். இங்கே வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதன்முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கைநீட்டி உண்ணப் பழகிய குரங்கு மனிதரைக் கண்டு அஞ்சாமல் சாலைக்கும் வீடுகளுக்கும் வந்துவிடுகிறது என்பதே.

மறுமொழி 3:
காலையிலேயே புறப்படுங்கள். பிற்பகலில் இடிமழை வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள்; ஈரப் பலகைகளும் வழுக்கும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. விடுப்பைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்கிறேன். அம்மாவிடம் வாழைப்பழ விஷயத்தை இன்றே சொல்லிவிட்டேன்.