பின்னால் அறை சேர்ப்பதா, உள்ளேயே மாற்றிக் கட்டுவதா?

எங்கள் வீடு 1988-ல் கட்டியது. தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி. பில்லர் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்கள்தான் தளத்தைத் தாங்குகின்றன. பழைய வரைபடமும் கையில் இல்லை. இப்போது ஆறு பேர் இருக்கிறோம். இன்னொரு படுக்கையறை வேண்டும், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அறையை ஒட்டியே கழிவறையும் வேண்டும். அதனால் மாடி எடுக்கும் யோசனை இல்லை.

சமையலறை மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. முன்பு ஒருமுறை பூசினோம், அடுத்த மழைக்கே பக்கத்தில் உதிர்ந்தது. கம்பி துருப்பிடித்து உப்பும்போது காங்கிரீட்டையே தள்ளிவிடும், மேல்பூச்சு என்ன செய்யும்? காங்கிரீட்டின் வலிமையைத் தட்டிக் கணிக்கும் சுத்தியல் சோதனையும் எடுத்தோம்: சமையலறையில் மட்டும் வலிமை குறைவு, மற்ற அறைகள் பரவாயில்லை. கூடத்து ஜன்னல் மூலையில் ஒரு சாய்வு விரிசல். அதன் முனையில் பென்சிலால் குறித்து வைத்தோம், இதுவரை நீளவில்லை. ஓரத்தில் தோண்டிப் பார்த்தால் 4 அடி ஆழத்துக்குக் கருங்கல் அஸ்திவாரம். களிமண் தரை.

மேஸ்திரி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுத்து இரும்பு பீம் போட்டு உள்ளேயே அறை பிரிக்கலாம் என்கிறார். அது சுமை தாங்கும் சுவர், அவரோ கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். பொறியாளர் பின்பக்கக் காலி இடத்தில் பில்லர் போட்டுப் புது அறை என்கிறார். களிமண்ணில் புதுசும் பழசும் வேறு வேறு அளவில் இறங்கினால் இணைப்பில் பிளக்காதா என்று எனக்குப் பயம்.

எப்படியும் சமையலறை மேல்தளத்தை இடித்துப் புதிதாகப் போடத்தான் வேண்டும். அப்புறம் இந்த இரண்டில் எதை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?