பாடத்திட்டம் மாறியது, கேள்வித்தாள் மாறியதா? (அனுபவப் பகிர்வு)

பியூரெட் (வேதியியல், சேலம்–தர்மபுரி வட்டாரம்):

பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்தவர்கள், அந்தக் குழு போட்டுக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் திண்டாடியவர்கள், அதைப் படித்துத் தப்பித்தவர்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போதெல்லாம் தரமான உயர்கல்வி, நீடித்து நிற்கும் கற்பித்தல் முறை என்று பேசுகிறோம். நிஜமாகவே ஏதாவது மாறியதா, மாறியது நின்றதா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்.

எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, பாடத்திட்டமும் தேர்வும் நாங்களே அமைத்துக்கொள்ளலாம். பி.எஸ்சி. வால்யூமெட்ரிக் ப்ராக்டிகல் எப்படி நடக்கும் என்று கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடுவையில் கொஞ்சம் மெக்னீசியம் கரைசலை ஊற்றிக் கொடுப்போம். மாணவர் அதை 100 மி.லி.க்கு நிரப்பி, அதில் 20 மி.லி. பிப்பெட் செய்து, ஈ.டி.டி.ஏ.வோடு (மெக்னீசியம், கால்சியத்தோடு சேரும் வேதிப்பொருள்) டைட்ரேட் செய்வார், அதாவது பியூரெட் குழாயிலிருந்து நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார். வந்த விடையை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) தன் கையிலிருக்கும் சரியான விடைப் பட்டியலோடு ஒப்பிடுவார். பிழை 2 சதவீதத்துக்குள் இருந்தால் முழு மதிப்பெண், போகப் போகக் குறையும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பட்டியல் லேப் முழுக்க எல்லாருக்கும் தெரியும்! லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஜன்னலோரம் நின்று விரலைக் காட்டுவார். பையன் பதினெட்டு மி.லி.யில் நிறம் மாறியதைப் பார்த்தபிறகும் ரெக்கார்டில் 19.2 என்று எழுதுவான். மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தன் கண்ணை நம்பாதவனாக வெளியே போவான்.

போர்டு (பாடத்திட்டக் குழு) மீட்டிங்கில் நான் வைத்த யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. இதே ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனை வீட்டுத் தண்ணீரில் செய்து அதன் கடினத்தன்மையை அளக்கட்டும் என்றேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று தெரியும். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். தர்மபுரி மாவட்டத்தில் ஃபுளூரைடு வேறு. பல்லில் காவிக் கறையோடு வருகிற பிள்ளைகளுக்குத்தான் நான் பாடமே எடுக்கிறேன். 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆக ஒரே வீட்டில் போர் தண்ணீர் ஒரு குடம், ஒகேனக்கல் தண்ணீர் ஒரு குடம் இருக்கும். இதைவிட நல்ல சாம்பிள் எந்த கம்பெனி அனுப்பும்?

குழுவில் ஒருவர் கேட்டார்: "வேல்யூ யார் கொடுப்பாங்க? எதை வெச்சு மார்க் போடறது?" நியாயமான கேள்வி, அவர் குறையாகச் சொல்லவில்லை. பழைய முறையில் சரியான விடை முன்கூட்டியே ஒருவர் பாக்கெட்டில் இருக்கிறது. ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி யார் பாக்கெட்டிலும் விடை இல்லை.

அதனால் மதிப்பெண்ணைப் பிரித்தோம். நாங்களே கால்சியம் கார்பனேட் எடை போட்டுத் தயாரித்த கரைசல் ஒன்று. அதில் மாணவரின் கைத்திறன் தெரிந்துவிடும். அடுத்து ஊர்த் தண்ணீர். அதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும், யாருக்கு ஜோடி யார் என்று கடைசிவரை தெரியாது. இருவர் விடையும் எவ்வளவு நெருங்குகிறது, ஒருவருடைய மூன்று ரீடிங்கும் ஒன்றோடொன்று ஒட்டுகிறதா என்பதற்கு மதிப்பெண். அப்புறம் ஒரு பக்க எழுத்து: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, துணி துவைக்கலாமா, பாய்லருக்கு ஆகுமா, ஏன்?

முதல் முறை செய்தபோது ஒரு பெண் பியூரெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தாள். 50 மி.லி. தண்ணீருக்கு 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. இருபது தாண்டியது, முப்பது தாண்டியது, ஒயின் சிவப்பு அசையவே இல்லை. "சார், இண்டிகேட்டர் கெட்டுப்போச்சா?" என்றாள். கெடவில்லை. முப்பத்தைந்துக்குப் பக்கத்தில்தான் நீலம் வந்தது. கணக்குப் போட்டால் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாக) லிட்டருக்கு 700 மி.கி. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரின் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அந்தப் பெண் மறுபடி செய்தாள், யாரும் சொல்லாமலே. விரல் காட்ட ஆள் இல்லாத இடத்தில்தான் அப்படி மறுபடி செய்யத் தோன்றும்.

எனக்குத் தெரிந்து மாறியது அந்த ஒன்றுதான். யூனிட் பெயர்களை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறோம், அதனால் வகுப்பில் ஒரு இலைகூட அசைந்ததில்லை. தேர்வில் என்ன கேட்கிறோம் என்பது மாறியதும் பிள்ளைகள் நிற்கும் விதமே மாறிவிட்டது. உங்கள் அனுபவம்?

கான்கிரீட்காரன் (சிவில், இணைப்புப் பொறியியல் கல்லூரி):

சார், நீங்கள் கொடுத்து வைத்தவர். எங்களுக்கு போர்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணா பல்கலை ரெகுலேஷன் 2021 (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) எப்படி வந்ததோ அப்படி. ஆனால் அதில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. 2017 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 20 தான், 2021-இல் 40 ஆகிவிட்டது. அந்த 40-ஐ வைத்து நான் ஒன்று செய்து பார்த்தேன்.

சுற்றுச்சூழல் பொறியியல் பேப்பர். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று நாங்கள் போர்டில் எழுதிப் போடுகிற எண் நம் ஹாஸ்டலில் உண்மையா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மீட்டர் கிடையாது. ஓவர்ஹெட் டேங்கின் நீள அகலம் அளந்து, நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் குறித்துக்கொண்டு மொட்டை மாடியிலேயே கிடந்தார்கள். கண்டுபிடித்தது என்ன தெரியுமா? காலையில் மோட்டார் போட்டுவிட்டு ஆபரேட்டர் டீ குடிக்கப் போகிறார், டேங்க் நிரம்பி வழிகிறது. வழிந்தது மட்டுமே ஒரு பிளாக்குக்குப் போதும்! ஃப்ளோட் வால்வு போடச் சொல்லி மாணவர்களே எழுதிக் கொடுத்தார்கள். போட்டார்கள். வார்டன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது வேறு கதை.

ஆனால் பல்கலைக்கழகத் தேர்வு? பத்து 2 மதிப்பெண், ஐந்து 13 மதிப்பெண், ஒரு 15 மதிப்பெண். "மணல் வடிகட்டியைப் படத்துடன் விளக்குக." மாடியில் குச்சி வைத்து அளந்த அதே பையன் அக்டோபரில் வந்து கேட்டான்: "சார், ஹாஸ்டல் டேங்க் எக்ஸாமுக்கு வருமா?" வராது என்றேன். அடுத்த வருடம் வந்த பிள்ளைகள் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சீனியர் ரிப்போர்ட்டை அப்படியே காப்பி அடித்தார்கள். டேங்க் அளவு உட்பட.

மேப்பிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனதிலிருந்து பொறியியல் கல்லூரிகளில் சி.ஓ.–பி.ஓ. அட்டவணை (ஒரு பாடத்தின் இலக்குகள் முழுப் படிப்பின் இலக்குகளோடு எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டுவது) இல்லாமல் ஒரு வேலையும் இல்லை. பன்னிரண்டு பி.ஓ. இருந்த பட்டியலில் ஏழாவது, சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும். எல்லாப் பாடத்துக்கும் அதில் ஒரு '1' (லேசான தொடர்பு) போட்டுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். கணிதத்துக்கும் '1', ஆங்கிலத்துக்கும் '1'. வீட்டு வரி ரசீது போல, கேட்டால் காட்ட ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். யோசனை தப்பே இல்லை. மாணவர் முடிவில் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டுப் பாடத்தை அமைப்பது நல்ல முறை. நாங்கள் பாடம், கேள்வி எல்லாம் முடிந்தபிறகு எக்செல்லில் உட்கார்ந்து பின்னோக்கி நிரப்புகிறோம்.

மூணாவது பெஞ்ச் (பழைய மாணவன்):

பியூரெட் சார், உங்கள் கல்லூரியில் இல்லை, வேறு இடத்தில்தான் படித்தேன். ஆனால் அந்த விரல் காட்டும் அண்ணன் எல்லாக் கல்லூரியிலும் ஒரே ஆள்தான் போல! இப்போது ஒரு மருந்து கம்பெனியில் க்யூ.சி.யில் (தரப் பரிசோதனைப் பிரிவு) இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ரீடிங் தள்ளி வந்தால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பேன். அங்கே தள்ளி வந்ததை அடித்து எழுதினால் வேலையே போய்விடும், தள்ளி வந்தது ஏன் என்று எழுதத்தான் சம்பளம். கல்லூரியில் பழகியதை மறக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஒரு யோசனை: சாம்பிளை 20 மி.லி.யாகக் குறையுங்கள். ஈ.டி.டி.ஏ. செலவு பாதிக்கும் கீழே வரும், பிள்ளைகள் பியூரெட்டை ரீஃபில் செய்ய வேண்டாம். ஒரு மி.லி.க்கு 50 என்று பெருக்கினால் விடை.

கௌரவ விரி (தமிழ், கலைக் கல்லூரி):

பெயரிலேயே தெரியும், நான் கௌரவ விரிவுரையாளர். தமிழ்த் துறை. வொர்க்லோடு குறைந்ததால் சுற்றுச்சூழல் கல்வி பேப்பரை என் தலையில் கட்டினார்கள். அந்த பேப்பர் எப்போதும் அப்படித்தான், யாருக்கு மணி நேரம் குறைகிறதோ அவருக்கு.

பழைய ஃபைலைத் தேடியபோது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட மூலப் பாடத்திட்டம் கிடைத்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பத்து வருடத்துக்கு மேல் கழித்து எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமாக வந்த தாள். எட்டு அலகுகள். எட்டாவது முழுக்கக் களப்பணி. அதோடு நூறில் 25 மதிப்பெண் களப்பணிக்கு என்று அதிலேயே எழுதியிருக்கிறது! எங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அலகு இருந்தது, 25 மதிப்பெண்ணைக் காணோம். 75-க்கு எழுத்துத் தேர்வு, மீதி 25 வழக்கமான டெஸ்ட், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸுக்குப் போய்விட்டது. யார் எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால் துறையில் யாருக்கும் தெரியவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று மாணவர்களைப் பக்கத்து ஏரிக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்தது சொல், அதனால் சொல்லில் ஆரம்பித்தேன். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னேன். மடை எது, கலிங்கு (மிகை நீர் வழியும் இடம்) எது, வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, மதகை யார் திறப்பார்கள். ஒரு பெரியவர் கலிங்கு இருந்த இடம் என்று கையைக் காட்டிய இடத்தில் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் இருந்தது. வரத்துக் கால்வாயைத் தேடி நடந்த குழு ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் போய் நின்றது. பெயர்களையும் வரைபடத்தையும் சேர்த்து நல்ல நோட்டு ஒன்று போட்டார்கள்.

அந்தக் கல்வியாண்டோடு என் பணி முடிந்தது. அடுத்த வருடம் வேறு கல்லூரி. என் இடத்துக்கு வந்தவர் ஜெராக்ஸ் கடை நோட்ஸை வைத்து நடத்துகிறார் என்று ஒரு மாணவி சொன்னாள். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் செய்ததைப் பற்றி அந்தக் கல்லூரியில் ஒரு தாளிலும் ஒரு வரியும் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நீடித்து நிற்கிற கற்பித்தல் முறை என்கிறார்கள். பதினோரு மாதத்துக்கு ஆள் எடுத்து, பன்னிரண்டாம் மாதம் அனுப்பிவிட்டு எது நிற்கும்?

பழைய சாக்பீஸ் (ஓய்வு):

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வரலாற்றுக் குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். தன்னாட்சி வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இலேயே சொல்லிவிட்டது. மால்கம் ஆதிசேஷய்யா சென்னைப் பல்கலைத் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான் அது இங்கே உருப்பெற்றது. 1978-இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை முதல் வரிசையில் தன்னாட்சி பெற்றன. அன்றைக்கு ஆசிரியர் அறையில் நடந்த வாதம் பாடத்தைப் பற்றியே அல்ல. பாடம் நடத்துகிறவரே கேள்வி எடுத்துத் திருத்தினால் மதிப்பெண்ணுக்கு மரியாதை இருக்குமா என்பதுதான். நம்பிக்கை வரவில்லை. அதனால் பல இடங்களில் பாடத்திட்டம் மட்டும் கல்லூரிக்கு வந்தது, வினாத்தாள் வெளியூர்க்காரர் கையிலேயே இருந்துவிட்டது. அவருக்குப் பாவம் என்ன தெரியும்? ஐந்து யூனிட்டைப் பார்த்து, யூனிட்டுக்கு இரண்டு கேள்வி எடுத்து அனுப்பிவிடுவார். ஹாஸ்டல் டேங்கையும் ஏரிக் கலிங்கையும் அவர் எப்படிக் கேட்பார்?

கான்கிரீட் தம்பிக்கு: டேங்கைக் கேட்க முடியாவிட்டாலும் இன்டர்னல் டெஸ்டில் "மட்டம் மணிக்கு இவ்வளவு இறங்கியது, வழிந்தது எவ்வளவு?" என்று வேறு எண்களைக் கொடுத்துக் கேளுங்கள். சீனியர் ரிப்போர்ட்டைக் காப்பி அடித்தவன் அங்கே மாட்டுவான்.

பியூரெட்:

சாக்பீஸ் ஐயா, வெளியூர் எக்ஸ்டர்னல் விஷயம் எங்களுக்கும் வந்தது. வந்தவர் முதல் அரை மணி நேரம் "வேல்யூ லிஸ்ட் எங்கே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஜோடிப் பட்டியலைக் காட்டி விளக்கியபிறகு அவரே ஒரு குடுவையை எடுத்து டைட்ரேட் செய்து பார்த்தார். மாணவர் விடைக்குப் பக்கத்தில் வந்ததும் சிரித்துவிட்டார். இப்போது எக்ஸ்டர்னலுக்கு அழைப்புக் கடிதத்தோடு மதிப்பெண் பிரிப்பையும் ஒரு பக்கம் அனுப்பிவிடுகிறோம்.

மூணாவது பெஞ்ச் தம்பி, 20 மி.லி. யோசனை நல்லதுதான், போர் தண்ணீருக்கு ஒத்துவரும். ஒகேனக்கல் தண்ணீர் அவ்வளவு கடினம் இல்லை, ரீடிங் ரொம்பச் சின்னதாகி ஒரு துளி கூடினாலே விடை ஓடிவிடும். அதற்கு 50 மி.லி.யே இருக்கட்டும். எதற்கு எவ்வளவு எடுப்பது என்று மாணவரே முதல் ரீடிங் பார்த்து முடிவு செய்யட்டும் என்று மாற்றப் பார்க்கிறேன்.

கௌரவ மேடம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இங்கேயும் அந்த 25 மதிப்பெண் இல்லை. அடுத்த போர்டு மீட்டிங் அஜெண்டாவில் போட்டிருக்கிறேன். களப்பணிக் குறிப்பேடு துறையில் இருக்க வேண்டும், அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற வரியும் சேர்த்து. அந்த ஏரி நோட்டின் நகல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், மாதிரிக்குக் காட்ட வேண்டும்.