212 நியூரானில் 131 ‘பதில் தருகிறது’: நம்பலாமா?

எலிக்கூண்டு:
சுண்டெலியின் பார்வைப் புறணியில் (மூளையில் பார்வையைக் கையாளும் பகுதி) நியூரோபிக்சல்ஸ் புரோப், அதாவது பல நியூரான்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் மெல்லிய ஊசி, இறக்கி எடுத்த டேட்டா. மொத்தம் 212 நியூரான். திரையில் 12 கோணங்களில் கோடுகள் ஓடும், கோணத்துக்கு 20 டிரையல் (ஒருமுறை காட்டுவது ஒரு டிரையல்). எல்லா டிரையலையும் சேர்த்து ஹிஸ்டோகிராம் போட்டேன். கோடு வந்த பிறகு 50 முதல் 150 மில்லிசெகண்ட் வரை நன்றாக மேடு தெரிந்தது. அந்த இடைவெளியில் வந்த ஸ்பைக்குகளை (நியூரான் சுடும் மின்துடிப்புகளை) எண்ணி, கோடு வருவதற்கு முந்தைய 100 மில்லிசெகண்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கோணத்துக்கும் டிரையல்வாரியாக ‘முன்’, ‘பின்’ எண்களை ஜோடி சேர்த்து ஒப்பிடும் ஒரு டி-டெஸ்ட் போட்டேன். ஏதாவது ஒரு கோணத்தில் பி-மதிப்பு (உண்மையில் பதிலே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே போனாலும் அந்த நியூரான் பாஸ். 131 தேறியது.

கைடு ராஸ்டர் படங்களை (ஒவ்வொரு டிரையலிலும் ஸ்பைக் வந்த நேரத்தைப் புள்ளியாகக் காட்டுபவை) புரட்டிவிட்டு, “47ஆம் நியூரானில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றார். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. ஆனால் பி 0.03 என்கிறது. டி-டெஸ்டை விட்டு, எண்களின் வரிசையை மட்டும் பார்க்கும் வில்காக்சன் டெஸ்டுக்கு மாறினால் சரியாகுமா?

பழைய ராஸ்டர்:
ஆகாது. கோளாறு டி-டெஸ்டில் இல்லை, ‘ஏதாவது ஒரு கோணத்தில்’ என்பதில் இருக்கிறது. 12 முறை 0.05 வாய்ப்பில் காய் உருட்டுகிறீர்கள். ஒருமுறைகூடத் தப்பாக விழாமலிருக்க வாய்ப்பு 0.95-இன் 12ஆம் அடுக்கு, அதாவது 0.54. மீதி 46 சதவீதம். உங்கள் எலி கண்ணை மூடித் தூங்கியிருந்தாலும் 212இல் 97 வரை தேறியிருக்கும்!

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். பதிவின் தொடக்கத்தில் வெறும் சாம்பல் திரை ஓடவிட்டிருப்பீர்கள் அல்லவா? அதில் 2 விநாடிக்கு ஒன்றாக 240 பொய் நேரங்களைக் குறித்து, உங்கள் கணக்கு நிரலை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓட்டுங்கள்.

எலிக்கூண்டு:
ஓட்டினேன். 88 நியூரான் தேறியது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பழைய ராஸ்டர்:
97க்குக் குறைந்தது சோம்பேறி நியூரான்களால். 0.3 ஹெர்ட்ஸில் சுடுகிற ஒன்றுக்கு 100 மில்லிசெகண்ட், 20 டிரையல் என்றால் ஒரு கோணத்தில் ஒரு பக்கத்துக்கு மொத்தமே சராசரி 0.6 ஸ்பைக். சுமார் 30 சதவீதக் கோணங்களில் இரண்டு பக்கமும் சுழியம்தான், டி கணக்கே வராது.

சரி, மாற்று வழி. நியூரானுக்கு ஒரே ஒரு டெஸ்ட். 12 கோணங்களில் எதில் வித்தியாசம் அதிகமோ அதை எடுங்கள், அடங்கிப்போகிற நியூரானும் சிக்குவதற்குக் கூட்டல், கழித்தல் குறியை நீக்கிவிட்டு. அப்புறம் ஒவ்வொரு டிரையலிலும் ‘முன்’, ‘பின்’ எண்ணிக்கைகளை நாணயம் சுண்டி இடம் மாற்றி, மறுபடியும் அதே அதிகபட்சத்தை எடுங்கள். இதை 5000 முறை செய்து, அசல் எண் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 12 கோணங்களில் சிறந்ததை எடுக்கும் சலுகை, இடம் மாற்றிய பொய்க் கணக்குகளுக்கும் கிடைத்துவிடுவதால் பந்தயம் சமம். கடைசியில் 212 பி-மதிப்புகளுக்கும் சேர்த்து பெஞ்சமினி–ஹோக்பெர்க் திருத்தம்: நிறைய டெஸ்ட் போடும்போது தேறியவற்றில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுப்படுத்துவது.

சுழிய மீன்:
ஒரு ஓட்டை பாக்கி. அந்த 50–150ஐ இதே டிரையல்களைப் பார்த்துத்தானே பிடித்தீர்கள்? சாம்பல் திரைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஒற்றைப்படை டிரையல்களில் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, இரட்டைப்படையில் டெஸ்ட் போடுங்கள். இடைவெளியே வேண்டாம் என்றால் 2021இல் வந்த ஜீட்டா டெஸ்ட் இருக்கிறது. அது ஸ்பைக் நேரங்களையே எடுத்துக்கொள்ளும், முதலில் சுட்டுவிட்டுப் பிறகு அடங்குகிற நியூரானையும் விடாது.

உங்கள் 88ஐப் பார்த்ததும் 2009இன் செத்த சால்மன் மீன் நினைவுக்கு வந்தது. ஸ்கேனரில் கிடத்தி மனிதர்களின் படம் காட்டினார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் ‘வேலை செய்தது’. 2012இல் அந்த ஆய்வுக்கு இக் நோபல்கூட (சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு) கொடுத்தார்கள்.

எலிக்கூண்டு:
நீங்கள் இருவரும் சொன்னதைச் சேர்த்துச் செய்தேன். அசல் டேட்டாவில் 74, சாம்பல் திரையில் 0. பழைய கணக்கில் தவறிய 6 நியூரான்கள் புதிதாக ஜீட்டாவில் வந்திருக்கின்றன. அவற்றில் நான்கு, கோடு மறைந்த பிறகுதான் சுடுகின்றன. 47ஆம் நியூரான் எதிலும் இல்லை. நாளை கைடிடம் 131ஐ 74 ஆக்கிக் காட்ட வேண்டும், படத்தில் முதலில் 47ஐத்தான் வைக்கப்போகிறேன்.