டார்ஜிலிங் நீராவிக் கோச்சியில படம் எடுக்கப் போறன், போன ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ

வெள்ளவத்தை மழை:
வணக்கம். வாற நவம்பர்ல நானும் அப்பாவும் டார்ஜிலிங் போறம், சென்னை, கொல்கத்தா, பாக்டோக்ரா எண்டு பிளேன் மாறி மாறி. அப்பா சின்னனில அவிசாவளையில வளந்தவர், கொழும்பில இருந்து அங்க வாற களனிவெளி ரயில் லைன்ல ஓடின சின்னக் கோச்சியிலதான் பள்ளிக்கூடம் போனவராம், கரி புகையால வெள்ளைச் சேட்டு கறுத்து வீட்டில அடி வாங்கின கதை எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பாதையைத்தான் 90-களில பெரிய ரயில் ஓடுற அகலப் பாதையா மாத்திப் போட்டினமே, இப்ப நுகேகொடையில நிண்டு பாத்தா ஒரு அடையாளமும் இல்ல. அதான் உயிரோட ஓடுற சின்ன ரயில் ஒண்டைக் காட்டுவம் எண்டு.

எனக்கு என்ன பிரச்சினை எண்டா என்னட்ட இருக்கிறது பழைய கமரா ஒண்டும் 18-55 மி.மீ. ஸூம் லென்ஸும் 50 மி.மீ. லென்ஸும்தான். புது லென்ஸ் வாங்க வேணுமோ? எந்தப் பக்க ஜன்னல் நல்லம்? உள்ளுக்க இருந்துகொண்டு எஞ்சினை எடுக்க ஏலுமோ?

ஷட்டர் சத்தம்:
தங்கச்சி முதல்ல ஒண்டு சொல்லிடுறன், டிக்கெட் போடேக்க நீராவியோ டீசலோ எண்டு ரெண்டு தரம் பாருங்கோ. டார்ஜிலிங்கில இருந்து கூம் வரைக்கும் போய்த் திரும்பி வாற ஜோய்ரைட் ரெண்டு வகையிலயும் ஓடுது, டீசல் மலிவு. நான் மலிவைப் பாத்து சந்தோசமா புக் பண்ணிப்போட்டு விடிய நாலு மணிக்கு எழும்பி கமரா எல்லாம் துடைச்சுக்கொண்டு போய் நிண்டா முன்னுக்கு டீசல் எஞ்சின் நிக்குது. ஆரைத் திட்டுறது, என்ர கண்ணைத்தான். அடுத்த நாளுக்கு திரும்பக் காசு கட்டினன்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டீங்கள். உண்மையைச் சொன்னா உள்ளுக்க இருந்து எடுத்த படத்தில நான் வச்சிருக்கிறது ரெண்டோ மூண்டுதான். வளைவில எஞ்சின் தெரியும், தெரியுற நேரம் முன்னால இருக்கிற பத்துப் பேரின்ர ஃபோனும் கையும் சேந்து தெரியும். ரயிலில ஒரு தரம் அப்பாவோட ஆறுதலா போங்கோ, படத்துக்கு அடுத்த நாள் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடிச்சு றோட்டால போங்கோ. பாதை ஹில் கார்ட் றோட்டோட ஒட்டிக்கொண்டு போகுது, றோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா வெட்டுது, கடை வாசலில தொங்குற கம்பளியை உரசிற மாதிரிப் போகுது. ரயில் போற வேகத்துக்கு நீங்கள் முந்திப் போய் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடிச்சு, இடம் பிடிச்சு நிக்கலாம். அந்த வேகத்துக்கு எஞ்சினோட கமராவையும் சேத்துத் திருப்பி எடுக்கிறதெண்டா ஷட்டர் 1/20, 1/25 செக்கன் அளவில வையுங்கோ. 1/500 வச்சா ரயில் நிப்பாட்டி வச்ச மாதிரி இருக்கும்.

புது லென்ஸ் தேவையே இல்ல, 18-55 காணும். ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில 2 அடி அகலம்தான், எஞ்சினும் சின்னன், நீங்கள் கிட்டவே நிப்பீங்கள். பிரச்சினை லென்ஸில இல்ல, கறுப்பு எஞ்சினும் வெள்ளை ஆவியும் ஒரே படத்துக்க வாறதில. ஃபிரேமில எஞ்சின் நிறைஞ்சு நிண்டா கமரா இருட்டு எண்டு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டும், ஆவி வெளுத்து ஒண்டுமில்லாமப் போயிடும். கொஞ்சம் இருட்டா, RAW ஃபைலா (கமரா சுருக்காம வைக்கிற படம்) எடுத்து வையுங்கோ, நிழலைப் பிறகு கூட்டலாம், வெளுத்தது திரும்பி வராது. எஞ்சினுக்குப் பின்னால வெயில் இருக்கிற மாதிரி நிண்டு எடுத்தா ஆவி மின்னும். நவம்பர் எண்டது நல்ல யோசனை, குளிரிலதான் ஆவி கட்டியா வெள்ளையாத் தெரியும், வானமும் அனேகமா திறந்திருக்கும்.

இன்னொண்டு, எல்லாரும் எஞ்சினையே எடுக்கினம். அங்க ஓடுற பி கிளாஸ் எண்ட வகை நீராவி எஞ்சினுக்கு ரைவரும் ஃபயர்மேனும் மட்டும் இல்ல, கரிக்கு மேல ஒராள் இருந்து பெரிய கட்டியை உடைச்சுக் குடுப்பார், முன்னுக்கு பம்பரில ரெண்டு பேர் இருந்து தண்டவாளம் வழுக்காம மண் போடுவினம். என்ர நல்ல படம் அந்த மண் போடுறவரின்ர கைதான்.

இராகலைக்காரன்:
அக்கா இவ்வளவு தூரம் ஏன் போறீங்க, ஊட்டிக்குப் போங்களேன், தமிழ்லயே பேசிக்கிட்டு சுத்தலாம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் நீராவிதான், அதுக்கு மேல டீசல். நடுவுல பல்லு வச்ச தண்டவாளம், எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு ஏறும், அதனால முன் பெட்டிக்குப் புகை வராது. ஒரே ஒரு வருத்தம், நவம்பர்ல அந்தப் பக்கம் மழை, மண் சரிஞ்சா ரயிலை நிப்பாட்டிருவாங்க.

எங்க ஊருக்கும் ஒரு காலத்துல சின்ன ரயில் ஓடுச்சு, நானுஓயாவுல இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா இராகலை வரைக்கும், தேயிலைப் பெட்டி ஏத்தத்தான். 40-கள்லயே மூடிட்டாங்க. எங்க தாத்தா அந்த லைன் போன இடத்தைக் காட்டுவாரு, இப்ப பாத்தா தேயிலைக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை. ஒரு படமாச்சும் யாராவது வீட்டுல வச்சிருந்தா போடுங்க, நான் தேடி அலுத்துட்டேன்.

தெமட்டகொடை நாநா:
தம்பி ஊட்டி மீட்டர் கேஜ், ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில 1000 மில்லிமீட்டர். களனிவெளி ரெண்டரை அடி, 762. டார்ஜிலிங் 610. பிள்ளையின்ர வாப்பா சின்னக் கோச்சி எண்டு சொன்னா அவருக்கு டார்ஜிலிங்தான் கிட்ட வரும், ஊட்டி இல்ல.

நான் கமராக்காரன் இல்ல, கோச்சிப் பைத்தியம். என்ட வாப்பா ரயில்வேயில வேலை செஞ்சவர், மருதானையில அவரோட போய் நிண்டு சின்னக் கோச்சி பாத்த ஞாபகம் எனக்கும் இருக்கு. அந்தப் பாதையைப் பெருசாக்கினாங்களே தவிர வளைவையெல்லாம் நேராக்கல்ல, அதான் இண்டைக்கும் களனிவெளி ட்ரெயின் நத்தை மாதிரி ஊருது. ஆஃபிஸ் போறவங்க ஏசுறாங்க, எனக்கு அந்த வளைவுல போகக்குள்ள உள்ளுக்கு ஒரு சந்தோசம், சிரிக்காதீங்க.

சில விசயம் மட்டும். கோச்சிக்குப் பக்கத்துல லென்ஸ் மாத்தாதீங்க, கரித்தூள் உள்ளுக்குப் போகும். கண்ணுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கோங்க. குளிர்ல பேட்டரி கெதியா இறங்கும், மிச்சத்தை உள் பொக்கெட்டில வைங்க. வாப்பாவுக்கு வயசெண்டா மூச்சையும் பாத்துக்கோங்க, கூம் ஸ்டேஷன் 7,407 அடி உயரம், வெள்ளவத்தையில கடல் மட்டத்துல இருக்கிறவருக்கு முதல் நாளே ஓடித் திரிஞ்சா மூச்சு வாங்கும்.

வெள்ளவத்தை மழை:
எல்லாருக்கும் கனக்க நன்றி. நீராவி எண்டதை நாலு தரம் பாத்துத்தான் காசு கட்டுவன் :) ஷட்டர் அண்ணா, பாதை வட்டமடிக்கிற பட்டாசியா லூப்பில ரயில் கொஞ்சம் நிக்குமாமே, அங்க இறங்கி எடுக்க விடுவினமோ?

அப்பாட்ட இந்தத் திரட்டை வாசிச்சுக் காட்டினன். நாநா சொன்ன 762-க்கு அவர் உடன கையை விரிச்சு "இவ்வளவுதான்" எண்டு அளந்து காட்டினார், அடிமட்டம் வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட சரி.

ஷட்டர் சத்தம்:
ஓம் பத்து நிமிசம் மாதிரி நிக்கும், இறங்கலாம். சனம் எல்லாம் எஞ்சினுக்கு முன்னால செல்ஃபிக்கு ஓடும், நீங்கள் மற்றப் பக்கம் மேட்டுக்கு ஏறுங்கோ, வளைவு முழுக்க வரும், வானம் திறந்திருந்தா பின்னுக்கு கஞ்சன்ஜங்காவும் வரும். கூமில அரை மணித்தியாலம் மட்டில கிடைக்கும், அங்க அப்பாவை எஞ்சினுக்குப் பக்கத்தில நிப்பாட்டி அந்த 50 லென்ஸால எடுங்கோ. வெள்ளைச் சேட்டு போடச் சொல்லுங்கோ.