டீமும் வேண்டும், டிகிரியும் வேண்டும்: மேலூரிலிருந்து எங்கள் அனுபவம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பையன் வாலிபால் செட்டர் (அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்), மாவட்ட அணியில் ஆடியவன், மார்க்கும் மோசமில்லை. அவன் பி.எஸ்ஸி. இயற்பியல் எடுக்கட்டும் என்று நான். நல்ல டீம் இருந்தால் எந்தப் படிப்பானாலும் சரி, சென்னைக்கே போகிறேன் என்று அவன். "சக்கிமங்கலத்துப் பொண்ணு ரேவதி இங்க லேடி டோக் காலேஜ்ல படிச்சுத்தானே டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ரிலே ஓடுச்சு, உனக்கு மட்டும் மதுரை பத்தாதா?" என்று என் மனைவி. அதற்கு அவனிடம் பதில் இல்லை.

இன்ஜினியரிங்கையும் யோசித்தோம். கவுன்சலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனியாக 500 இடம் உண்டு. ஆனால் மாநில அணிக்கு ஆடினவன் சான்றிதழுக்கு முன்னால் உன் மாவட்டச் சான்றிதழ் நிற்காது தம்பி என்று அவனுடைய பி.டி. சாரே சொல்லிவிட்டார். அதோடு விட்டோம்.

முதலில் போன கல்லூரியில் (பெயர் வேண்டாமே) ஓர் அலமாரி நிறையக் கேடயம். பிசிக்கல் டைரக்டர் அன்பாகப் பேசினார், அட்டெண்டன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அங்கேயே பணம் கட்டிவிடலாம் போல இருந்தது. வெளியே டீக்கடையில் அந்த டீம் பையன் ஒருவன் நின்றான், மூன்றாம் ஆண்டு, அவனும் இயற்பியல்தான். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "மேட்ச் நாளுக்கு ஓ.டி.ன்னு, ஆன் டியூட்டி அட்டெண்டன்ஸ் எல்லாம் கரெக்டா போட்ருவாங்க அங்கிள், ஆனா விட்டுப்போன லேப்பை யாரு திரும்ப வைப்பா?" என்றான். இரண்டு பிராக்டிகல் அரியர் வைத்திருந்தான். அரை மணி நேரம் டைரக்டரிடம் பேசியதைவிட அந்த ஒரு டீயில் எனக்கு விஷயம் புரிந்தது.

அடுத்த கல்லூரியில் சீட் கிடைத்தது, சுயநிதிப் பிரிவில். மத்தியானம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை வகுப்பு. டீம் பிராக்டிஸ் நாலரைக்கு. இந்த மோதலை அலுவலகத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, நோட்டீஸ் போர்டைப் பார்த்து இவனாகக் கண்டுபிடித்தான்.

இதற்கு நடுவில் நிகர்நிலைப் பல்கலைக்கழக (தானே ஒரு பல்கலைக்கழகமாக இயங்குகிற கல்வி நிறுவனம்) ஆசை வேறு. அதன் கணக்கு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால் முதலில் கல்லூரி அணி, அப்புறம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதில் யார் கண்ணிலாவது பட்டால் பல்கலைக்கழகத் தேர்வு முகாம், அதிலும் தேறினால்தான் பல்கலைக்கழகங்கள் மோதுகிற தென் மண்டலப் போட்டி. நிகர்நிலையில் நடுவில் இருக்கிற படி கிடையாது, வளாகத்துக்குள் தேர்வானால் நேராகத் தென் மண்டலம்தான். மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்கிற படிவம் 3 பல்கலைக்கழக அணியில் ஆடினவனுக்குத்தான் என்பதால் பையனுக்கு அங்கேதான் கண். ஆனால் வாலிபாலில் பெயர் எடுத்த இடங்களில் மாநிலம் முழுக்கத் தேடிப் பிடித்த பையன்கள் நிற்கிறார்கள், ஆறே பேர் ஆடுகிற ஆட்டத்தில் செட்டர் ஒருவனோ இருவரோதான். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார எதற்கு அவ்வளவு ஃபீஸ்?

அதற்கப்புறம் நான் டைரக்டர் அறைக்குப் போகவே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய் நின்று, எத்தனை பேர் வருகிறார்கள், அதில் அறிவியல் பையன் யாராவது உண்டா, போன வருஷம் உங்கள் டீமில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்று ஆடுகிற பையன்களிடமே கேட்டேன். கடைசிக் கேள்விக்கு ஓர் இடத்தில் சிரித்தே மழுப்பினார்கள், இன்னோர் இடத்தில் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். எண்ணிச் சொன்ன இடத்தில் சேர்த்தோம். கேடயம் கம்மிதான். காலை ஷிஃப்ட், தன்னாட்சிக் கல்லூரி, போட்டியால் இன்டர்னல் தேர்வு விட்டுப்போனால் துறையிலேயே மறுதேர்வு வைக்கிறார்கள்.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் வருகை வேண்டும் என்றால் வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கையில் இருப்பது 22 நாள். அவனுடைய முதல் செமஸ்டரில் போட்டி, முகாம் எல்லாம் சேர்த்து 14 நாள் போனது, காய்ச்சலில் 3 நாள். பல்கலைக்கழக முகாமில் கடைசி வடிகட்டலில் வெளியே வந்துவிட்டான். அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, மேலூர் நெருங்கும்போது பையைத் திறந்து லேப் ரெக்கார்டை எடுத்து, "அப்பா, இதுல நாலு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி" என்றான்.